பரீட்சைக்கு மட்டும் மாத்திரையா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. ஏடிஹெச்டி (கவனக்குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும்) என்று சொல்லி மனநல டாக்டர் மீத்தைல்ஃபெனிடேட் 10 மி.கி. மாத்திரை, காலையில் ஒன்று, எழுதிக் கொடுத்தார். 5 மாதம் ஆகிறது. சத்து மாத்திரை என்று அவனிடம் சொல்லி, பரீட்சை நாட்களில் தவறாமல் கொடுக்கிறேன். மார்க் ஏறவில்லை. டிபன் பாக்ஸும் அப்படியே திரும்பி வருகிறது. நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: நிறுத்தலாமா என்று கேட்கிறீர்கள், நீங்கள் இன்னும் தொடங்கவே இல்லையே அம்மா!

'பரீட்சை நாட்களில் தவறாமல்.' சரி, மற்ற நாட்களில்? ஜூனிலிருந்து வகுப்பில் காதில் ஏறாத பாடம், காலாண்டுத் தேர்வன்று காலையில் விழுங்கிய மாத்திரையால் எப்படி வந்துவிடும்? சாதாரண வகை மாத்திரை என்றால் அரை மணி, முக்கால் மணியில் வேலையைத் தொடங்கி, சுமார் 4 மணி நேரத்தில் அடங்கிவிடும். அந்த நேரத்துக்குக் கவனம் நிற்கும், அவ்வளவுதான். நீங்கள் வைத்தியம் பார்ப்பது பிள்ளைக்கா, ரேங்க் கார்டுக்கா?

குறைந்த அளவில் ஆரம்பித்து, வீட்டிலும் வகுப்பிலும் எப்படி இருக்கிறான் என்று கேட்டுக் கேட்டுத்தான் டாக்டர் அளவை ஏற்றுவார். எப்போதோ ஒரு நாள் கொடுத்தால் எந்த அளவு பொருந்துகிறதென்று யாருக்கும் தெரியாது.

பசி குறைவது இந்த மருந்தின் குணம். இட்லியோ பொங்கலோ வயிறாரச் சாப்பிட்ட பிறகு மாத்திரை கொடுங்கள். மதியம் விட்டதை, மருந்து அடங்கிய பிறகு மாலையிலும் இரவிலும் ஈடுகட்டுங்கள். இந்த வயதில் 3 மாதத்துக்கு ஒரு முறை எடையும், 6 மாதத்துக்கு ஒரு முறை உயரமும் பார்க்க வேண்டும். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தத்தை டாக்டர் பார்ப்பார்.

அப்புறம் அந்தச் சத்து மாத்திரைப் பொய். 'சத்துதானே' என்று பாட்டி இன்னொன்றை எடுத்துக் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? மாத்திரையைப் பூட்டி வையுங்கள். எதற்கான மருந்து என்று பிள்ளையிடமும் பெரியவர்களிடமும் சொல்லுங்கள். ஒளித்து வைக்க அவன் ஒன்றும் திருடவில்லை.

கடிதத்தில் அவன் அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மார்க் குறைந்தால் கேட்க வருவார் அல்லவா? வீட்டுப்பாடத்தைப் பத்துப் பத்து நிமிடமாக உடைத்து, இடையில் எழுந்து ஓடவிட்டு, முடித்ததும் அங்கேயே பாராட்டுவது இனி அவர் வேலை. 'குளி, பையை எடுத்து வை, பாலைக் குடி' என்று அடுக்களையிலிருந்து நீங்கள் கத்தினால் அவனிடம் எதுவும் தங்காது. பக்கத்தில் போய், முகம் பார்த்து, ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். வகுப்பாசிரியரிடம் முதல் பெஞ்ச் கேளுங்கள், ஜன்னலோரம் வேண்டாம்.

நீங்களாக எதையும் மாற்றாமல் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். 5 மாதத்தில் எத்தனை மாத்திரை உள்ளே போனது என்று எண்ணிச் சொல்லுங்கள். இல்லையென்றால், தினமும் கொடுத்தும் பலன் இல்லை என்று நினைத்து அவர் அளவைக் கூட்டிவிடக்கூடும்.