திருத்துகிற கண்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு தனியார் கல்லூரியின் விஷுவல் கம்யூனிகேஷன் துறையில் பதினோரு ஆண்டுகளாகப் புகைப்படம் கற்பிக்கிறேன். என் சொந்தப் படங்கள் ஒரு ஹார்ட் டிஸ்கில் கிடக்கின்றன. எனக்காக நான் கடைசியாகப் படம் எடுத்தது எப்போது என்றே நினைவில்லை. ஒரு செமஸ்டருக்கு இரண்டாயிரம் படங்களாவது திருத்துகிறேன். இப்போதெல்லாம் ஒரு நொடி பார்த்தால் போதும், என்ன தப்பு என்று சொல்லிவிடுவேன். போன மாதம் ஒரு மாணவி தன் ஹாஸ்டல் ஜன்னல் திரையையே பன்னிரண்டு படம் எடுத்து அசைன்மென்ட் என்று கொண்டுவந்தாள். சப்ஜெக்டே இல்லையே என்று திருப்பி அனுப்பினேன். இப்படித்தான் போகிறது.

அண்மையில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் மைனர் ஒயிட்டைப் பற்றி வாசித்தேன். வாத்தியார், மியூசியம் க்யூரேட்டர், பத்திரிகை ஆசிரியர் என்று வாழ்க்கையைத் துண்டு துண்டாகப் பிய்த்துக் கொடுத்திருக்கிறார். இதையெல்லாம் விட்டிருந்தால் இன்னும் பெரிய கலைஞராக ஆகியிருப்பார் அல்லவா? நான் வேலையை விட்டுவிடலாமா? இன்னொரு கேள்வி. டாரதியா லாங் போன்றவர்கள் பிழைப்புத் தேடி ஊர் ஊராக அலைந்த ஏழைகளைப் படமெடுத்த அதே நாட்டில், இவர் பாறையையும் பனியையும் எடுத்துக்கொண்டு ஆன்மிகம் பேசியது தப்பித்தல்தானே? கடைசியாக, மிர்ரர்லெஸ் கேமராவுக்கு மாறலாமா?

ச.

—

அன்புள்ள ச.,

கேமராவைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கையில் இருப்பது கெட்டுப்போனால் புதிது வாங்குங்கள்.

போகிற போக்கில் அந்த ஜன்னல் திரையைப் பற்றி மூன்று வரி எழுதியிருக்கிறீர்கள். அதற்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு வாரமாக என் மேஜைமேல் ஒயிட்டின் ஒரு படத்தைச் சாய்த்து வைத்திருக்கிறேன். 1958இல், நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் அவர் குடியிருந்த வீட்டில் எடுத்தது. ஜன்னல், திரை, உள்ளே விழும் வெயில். ஆள் இல்லை. நீங்கள் சொல்கிற அர்த்தத்தில் சப்ஜெக்ட் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் உங்கள் கடிதம் வந்தது. படித்ததும் எனக்கு உடம்பு பதறியது என்றே சொல்வேன்.

ஒயிட் பிழைப்புக்காக வாத்தியார் வேலை பார்த்த கலைஞர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் வாழ்க்கையின் வரிசையைப் பாருங்கள். 1908இல் மினியாபொலிஸில் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் படித்தது தாவரவியல். பிறகு ஒரு கிளப்பில் மது பரிமாறிக்கொண்டே ஐந்து வருடம் உட்கார்ந்து சானெட் என்ற பதினான்கு வரிக் கவிதைகள் நூறு எழுதினார். 1937இல் ஒரு சின்ன 35 எம்.எம். கேமராவோடு ஊரைவிட்டுக் கிளம்பி, ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டுக்கு வந்து ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தங்கினார். அங்கே ஒரு இருட்டறை அமைத்தார். உடனே சில இளைஞர்களைச் சேர்த்துப் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார். அவர் பெயர் சொல்லும் படம் என்று ஒன்றுகூட வெளியே தெரியாத காலம் அது. தனக்குத் தெரிந்தது கொஞ்சம், அதைச் சொல்லிக்கொடுக்கும்போதே மீதியைக் கற்றுக்கொண்டார். அடுத்த வருடம் அரசுத் திட்டத்தில் வேலை கிடைத்தது. போர்ட்லண்டில் இடிக்கப்படவிருந்த பழைய இரும்பு முகப்புக் கட்டடங்களைப் படமெடுத்தார். 1940இல் கிழக்கு ஆரிகனில் லா கிராண்ட் என்ற சின்ன ஊரின் கலை மையத்தில் மறுபடியும் வாத்தியார். பிறகு இரண்டாம் உலகப் போர்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1946இல் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் அழைத்து, சான் ஃபிரான்சிஸ்கோ கலைப்பள்ளியில் ஆசிரியர். 1952இல் நண்பர்களோடு சேர்ந்து ‘அபெர்ச்சர்’ பத்திரிகை. 1975 வரை அதன் ஆசிரியர். 1953இல் ராச்செஸ்டரின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் ஹவுஸில் க்யூரேட்டர் பணி. பிறகு அதே ஊரின் தொழில்நுட்பக் கல்லூரி. 1965இலிருந்து எம்.ஐ.டி. என்கிற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். எங்கே போனாலும் வகுப்பு கூடவே போயிற்று. கடைசியில் பாஸ்டன் பக்கம் ஆர்லிங்டனில் பன்னிரண்டு அறை கொண்ட வீட்டை வாங்கி மாணவர்களைக் கூடவே தங்கவைத்துக்கொண்டார். 1976 ஜூனில் இறந்தார். இந்த வாழ்க்கையில் ‘கலைஞர் ஒயிட்’டைத் தனியாக எடுத்து, ‘வாத்தியார் ஒயிட்’டைக் கழித்துப் பார்க்கச் சொல்கிறீர்கள். சாம்பாரில் இருந்து உப்பைத் திரும்ப எடுக்க முடியுமா?

ராச்செஸ்டர் என்றால் கோடாக். உலகம் முழுக்க ஃபிலிம் போன ஊர். அப்படிப்பட்ட ஊரில் இந்த மனிதர் மாணவர்களிடம் முதலில் சொன்னது, பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான். நெகடிவில் ஒளியை அளந்து பதியவைக்கும் ஸோன் சிஸ்டத்தையும் கறாராகக் கற்பித்தவர்தான். ஆனால் அவருடைய வகுப்பின் உயிர் வேறு ஒரு பயிற்சியில் இருந்தது.

ஒரு பிரிண்டை எதிரே வைப்பார்கள். மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூட வேண்டும். பாதத்திலிருந்து தொடங்கி உடம்பை ஒவ்வொரு பகுதியாகத் தளர்த்த வேண்டும். மனம் அடங்கியபின் கண்ணைத் திறந்து படத்தைப் பார்க்க வேண்டும். அசையக் கூடாது, பேசக் கூடாது. நிமிடங்கள் போகும். முதலில் சலிப்பு வரும். பிறகு ‘இது என்ன’ என்ற கேள்வி வரும், அதுவும் போகும். அதற்குப் பிறகுதான் படம் மெதுவாகத் தன்னைத் திறக்கும். மறுபடி கண்ணை மூடி, பார்த்ததை உள்ளே ஓடவிட வேண்டும். அப்புறம்தான் பேச்சு. பேச்சுகூடக் கட்டாயமில்லை. சிலரை வரையச் சொல்வார், சிலரை உடம்பசைவால் காட்டச் சொல்வார். எம்.ஐ.டி.யில் இதையே ஒரு பாடமாக நடத்தினார். படம் எடுப்பவர்களுக்கு நிகராகப் படம் பார்ப்பவர்களையும் உருவாக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். பார்ப்பவன் இல்லாவிட்டால் படம் வெறும் தாள்.

அவர் தன் படங்களைத் தனித்தனியாக வைப்பதைவிட வரிசைகளாகக் கோப்பதை விரும்பியதும் இதனால்தான். அந்த வரிசைகளை ‘அசையாப் படங்களின் சினிமா’ என்றார். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்ப்பவன்தான் தன்னிடமிருந்து எடுத்து நிரப்புகிறான் என்பது அவர் எண்ணம். பன்னிரண்டு திரைப் படங்களைக் கொண்டுவந்த அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் ஒரு படம் கொண்டுவரவில்லை, பன்னிரண்டு கொண்டுவந்தாள். ஏன் பன்னிரண்டு என்று நீங்கள் கேட்டீர்களா?

நான் இவ்வளவு பதறுவதற்குக் காரணம் இருக்கிறது.

எனக்குப் பத்தொன்பது வயதில், எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்த ஒரு ஸ்டூடியோவில் இரண்டு வருடம் டச்சிங் வேலை பார்த்தேன். இன்றைய பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. சாய்வான ஒரு மேஜை, நடுவில் தேய்த்த கண்ணாடி, கீழிருந்து வெளிச்சம். அதன்மேல் நெகடிவை வைத்து, பென்சில் பிடிக்கும்படி மீடியம் என்ற பசையைத் தடவி, உப்புத்தாளில் ஊசியாகத் தீட்டிய பென்சிலால் முகத்தைச் சரிசெய்ய வேண்டும். நெகடிவில் எல்லாம் தலைகீழ். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தெரியும். பரு, சுருக்கம், கண்ணுக்குக் கீழே குழி, எல்லாம் அங்கே வெளிறிய புள்ளிகள். புள்ளி புள்ளியாக நிரப்பினால் பிரிண்டில் முகம் வழவழவென்று வரும். ஒரு முகத்துக்கு அரை மணி நேரம் ஆகும். எனக்குக் கை நன்றாக வந்தது. பார்த்த மாத்திரத்தில் எங்கே நிரப்ப வேண்டும் என்று கண் சொல்லிவிடும். உங்களுடைய ‘ஒரு நொடி’ எனக்கும் இருந்தது.

ஒருநாள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் செத்துப்போன தன் தம்பியின் படத்தைக் கொண்டுவந்தார். இருந்த ஒரே படம். காப்பி எடுத்துப் பெரிதாக்கித் தர வேண்டும். முகம் முழுக்க அம்மைத் தழும்பு. நான் ஒன்று விடாமல் நிரப்பினேன். அன்றைக்கு நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான் என்று நினைத்தேன். பிரிண்டை வாங்கி அந்த அம்மாள் வெகுநேரம் பார்த்தார். நின்றபடியே பார்த்தார், பிறகு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்து, “மூஞ்சியை எங்கப்பா கழுவிப் போட்டே?” என்றார். “அவனுக்கு அம்மை போட்டப்போ வேப்பிலையை வெச்சுக்கிட்டு நான்தானே பக்கத்துல உக்காந்திருந்தேன்.”

முதலாளி திட்டவில்லை. நெகடிவையும் டர்பன்டைன் தொட்ட பஞ்சையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். டர்பன்டைன் பட்டால் மீடியம் கரையும், பென்சிலும் போய்விடும். மெதுவாகத் துடைத்தேன். ஒவ்வொரு தழும்பாகத் திரும்பி வந்தது. நெற்றியில் ஏழோ எட்டோ, மூக்கு நுனியில் ஒன்று, மேலுதட்டில் இரண்டு. முதல்நாள் அரை மணி நேரம் அதே முகத்தின்மேல் குனிந்திருந்தவன்தான் நான். ஆனால் அந்த மனிதர் லேசாகச் சிரிக்கிறார் என்பது துடைக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பல வருடம் கழித்து ஒயிட்டின் பயிற்சியைப் பற்றி வாசித்தபோது எனக்கு அந்தப் பஞ்சின் வாடை வந்தது. திருத்துவதற்காகப் பார்க்கிற கண் குறையை மட்டும் பொறுக்கி எடுக்கும். அதற்கு முகம் தெரியாது. நீங்கள் செமஸ்டருக்கு இரண்டாயிரம் படம் பார்க்கிறேன் என்கிறீர்கள். ஐயா, நீங்கள் ஒன்றுகூடப் பார்க்கவில்லை. டச்சிங் செய்கிறீர்கள். அடிவானம் சாய்ந்திருக்கிறது, வெளிச்சம் அதிகம், சப்ஜெக்ட் இல்லை. பதினோரு வருடமாக அதே பென்சில். பிறகு எனக்காகப் படம் எடுக்க முடியவில்லையே என்று வருத்தப்படுகிறீர்கள். எப்படி முடியும்? கேமராவைத் தூக்கியவுடன் அதே கண்தானே உங்கள் படத்தின்மேலும் குனிகிறது? வேலையை விட்டாலும் அந்தக் கண்ணைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டு வர முடியாது.

ஒயிட்டிடம் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஜென், ஆன்மிக ஆசான் குர்ஜியெஃப், ஜாதகம் என்று வகுப்பையே மடமாக்கினார் என்பார்கள். அதில் உண்மை உண்டு. 1972இல் எம்.ஐ.டி.யில் அவர் தொகுத்த, பிரார்த்தனையை மையமாகக் கொண்ட கண்காட்சியை விமர்சகர் ஏ.டி. கோல்மன் கடுமையாகத் தாக்கினார். குருவாக மாறிய ஆசிரியருக்கு முன்னால் மாணவன் குனிந்துபோவான் என்ற பயம் நியாயமானது. ஆனால் ராச்செஸ்டரில் அவரிடம் படித்த ஜெர்ரி யூல்ஸ்மன் என்ன செய்தார் என்று பாருங்கள். இருட்டறையில் நெகடிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜர்கள் பலவற்றை வரிசையாக வைத்து, ஒரே தாளில் பல நெகடிவ்களைக் கலந்து, மரம் வேரோடு வானில் மிதக்கும் படங்களைச் செய்தார். படம் எடுப்பதற்கு முன்பே மனத்தில் முடிந்துவிட வேண்டும் என்ற தன் ஆசிரியரின் மரபுக்கு நேர் எதிர்த் திசை. பால் கபோனிக்ரோ அதே மனிதரிடம் படித்து, கல்லையும் நீரையும் மௌனமாக எடுத்தார். ஒரே வகுப்பிலிருந்து இந்த இரண்டு பேரும் வந்திருக்கிறார்கள் என்றால், அங்கே எவரும் யாருடைய தழும்பையும் நிரப்பவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

தப்பித்தல் என்றீர்களே, அது எனக்குக் கோபத்தை வரவழைத்தது. நீங்கள் உதாரணம் காட்டும் டாரதியா லாங், 1952இல் ஒயிட்டோடு சேர்ந்து அபெர்ச்சரைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த இருவருக்கும் நடுவில் நீங்கள் போடுகிற வேலி அவர்களிடம் இல்லை. ஒயிட் போருக்குப் போனவர், பிலிப்பைன்ஸ் வரை. அங்கே கேமராவை ஏறக்குறைய மூடிவைத்துவிட்டுக் கவிதை எழுதினார். திரும்பி வந்து 1946இல் அமெரிக்கப் புகைப்படக் கலையின் முன்னோடியான முதியவர் ஸ்டீக்ளிட்ஸைச் சந்தித்தபோது, இனி தன்னால் படம் எடுக்க முடியுமா என்று கேட்டார். ஸ்டீக்ளிட்ஸ் பதிலுக்குக் கேட்டது, நீ எப்போதாவது காதலித்திருக்கிறாயா என்று. ஆம் என்றார் ஒயிட். அப்படியானால் உன்னால் படம் எடுக்க முடியும் என்றார் அவர்.

அந்த ‘ஆம்’ எவ்வளவு பாரமானது என்பதை யோசியுங்கள். ஒயிட் தன்பாலீர்ப்பாளர். அந்தக் காலத்து அமெரிக்காவில் அது வெளியே தெரிந்தால் ஒரு ஆசிரியருக்கு வேலை போகும், சிறையும் உண்டு. 1948இல் தன் மாணவரும் மாடலுமான ஒருவரை எடுத்த 32 படங்களை ஒரு வரிசையாகக் கோத்தார். இரண்டே பிரதிகள். தன் வாழ்நாளில் அதை வெளியிடவுமில்லை, காட்சிக்கு வைக்கவுமில்லை. நேரே காட்ட முடியாத ஒன்றை அந்த மனிதர் பாறையின் மடிப்பிலும் உறைபனியிலும் உரிந்த பெயின்டிலும் முப்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பொருளை அது என்னவாக இருக்கிறதோ அதற்காகவும், அது வேறு என்னவாகவும் இருக்கிறதோ அதற்காகவும் படமெடுக்க வேண்டும் என்று அவர் சொன்னது சும்மா வந்த தத்துவம் இல்லை.

வேலையை விடலாமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்று நினைப்பீர்கள். குடும்பம், கடன், பிள்ளைகள் படிப்பு எதுவும் எனக்குத் தெரியாது. அதை உங்கள் வீட்டில் பேசி முடிவெடுங்கள். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அந்தப் பன்னிரண்டு படங்களையும் திரும்ப வாங்குங்கள். ஸ்டாஃப் ரூமில் வேண்டாம். எல்லாரும் போனபிறகு வகுப்பறையில், அவள் வைத்த அதே வரிசையில் மேஜைமேல் வையுங்கள். போனை வெளியே விட்டுவிட்டு வாருங்கள். கண்ணை மூடி உட்காருங்கள், பிறகு பாருங்கள். மார்க் பேனா கையில் இருக்கக் கூடாது.

அவளிடம் மன்னிப்பு கேட்க வேண்டுமா என்பது அதற்குப் பிறகு உங்களுக்கே தெரியும். அவள் அந்தப் படங்களை இன்னும் வைத்திருக்கிறாளா, அழித்துவிட்டாளா என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.