வானூர்திப் பொறியாளர் சங்கத்தின் விருது விருந்துக்குச் சிறு பட்டறைக்காரர் போகலாமா?

கேட்டவர் எழுதியிருப்பதன் சாரம் இது: உள்ளூர் வானூர்திப் பொறியாளர் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் விருது விருந்துக்கு முதன்முறையாக அழைப்பு வந்திருக்கிறது, தமக்கு விருது எதுவும் இல்லை, தலைக்கு இரண்டாயிரம் ரூபாய் கட்டணம், ஒரு மாலைப் பொழுதை இழந்து போவதால் பயன் உண்டா? மாதவரம் பக்கம் சிறு சி.என்.சி. பட்டறை (கணினி வழி இயங்கும் இயந்திரங்களால் உலோகத்தை வெட்டும் பட்டறை) வைத்திருக்கிறார் என்பதைத் தவிர அவரைப் பற்றி வேறு விவரம் இல்லை. பெரிய நிறுவனம் ஒன்றுக்கு ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குப் பாகங்கள், செய்து கொடுப்பவராக இருக்க வேண்டும் என்றும், அந்த நிறுவனத்தின் மேலாளர்தான் அழைப்பை அனுப்பியிருப்பார் என்றும் ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன்.

போங்கள். ஆனால் தனியாகப் போக வேண்டாம். உங்கள் பட்டறையில் பாகத்தைக் கையால் தொட்டு முடிப்பவர் யாரோ, அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவருடைய இரண்டாயிரத்தையும் நீங்களே கட்டுங்கள். இப்படிச் சொல்வதற்குக் காரணமான கதை சற்று நீளமானது.

என் பட்டறை வியாசர்பாடியில் இருக்கிறது. பெரம்பூர் ரயில்வே பணிமனையில் டர்னராக இருந்த என் நைனா, ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் ஒரு பழைய லேத்தை வாங்கிப் போட்டுத் தொடங்கியது. அவருடன் அப்போதே சேர்ந்த ஃபிட்டர் ஒருவர் நைனாவின் காலத்துக்குப் பிறகும் என்னுடன் இருந்தார். எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. அவருக்கு நான் எப்போதும் "தம்பி". எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், இடக்கைப் பழக்கம் உடையவர்.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நிறுவனம் டைட்டானியத்தில் நாற்பது தாங்கிகள் (பிராக்கெட்டுகள்) செய்து தரக் கேட்டது. டைட்டானியத்தோடு பழகாதவர்களுக்காக ஒரு வார்த்தை: அந்த உலோகம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. அலுமினியத்தை வெட்டினால் சூடு சீவலோடு பறந்துவிடும். இதில் அது வெட்டும் கருவியின் முனையிலேயே தங்கி முனையைத் தின்றுவிடும். மெல்லிய சீவல் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, உலர்ந்த மணலைத்தான் கொட்ட வேண்டும். அந்தத் தாங்கியில் 25 மில்லிமீட்டர் துளை ஒன்று உண்டு. அதற்கு டிராயிங்கில் குறித்திருந்த அளவு எச்7. அதாவது துளை 25க்குக் கீழே ஒரு மைக்ரான்கூட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறையக் கூடாது, மேலே 21 மைக்ரானுக்கு மிகக் கூடாது. அந்த இடைவெளி ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. அதை இயந்திரம் பார்த்துக்கொண்டது. ஆனால் கீழ்ப்புறத்தில் ஒரு விலா எலும்பு போன்ற மேட்டின் ஓரம் கட்டருக்கு எட்டவில்லை. அங்கே வெட்டிய ஓரத்தில் ஒட்டி நிற்கும் உலோகப் பிசிர், அதிர்வில் விரிசலுக்கு வித்தாகிவிடும் என்பதால், நாற்பதிலும் மேஸ்திரி அரைவட்ட அரத்தைக் கொண்டு கையால் பிசிர் எடுத்தார். அந்த வேலைக்கு மட்டும் பதினொரு நாட்கள் ஆயின.

மறுவருடம் அந்த நிறுவனத்துக்கு ஓர் உள்ளூர் சங்கத்தின் விருது அறிவிக்கப்பட்டது. எங்களுக்கும் இரண்டு சீட்டுகள் வந்தன. விருந்து, கிண்டி பக்கத்தில் ஒரு நட்சத்திர விடுதியில். மேஸ்திரி பொங்கலுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையில் வந்தார். எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த மேசை சமையலறைக் கதவை ஒட்டி இருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் நெய் மணம் வந்தது, பரிமாறுபவர்கள் வந்தார்கள், தட்டு மட்டும் வரவில்லை. உரைகள் முடிந்து சாப்பாடு தொடங்க மணி பத்தரை ஆயிற்று. அதனால் கேட்டவருக்கு என் முதல் நடைமுறை யோசனை, நான்கு மணிக்கு ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போவது.

மேடையின் இடப்புறம் ஒரு கண்ணாடிப் பெட்டியில், நீல வெல்வெட்டின் மேல், ஒரு தாங்கியைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். மேஸ்திரி எழுந்து போய்ப் பெட்டியின் மேல் குனிந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு, இன்னும் குனிந்தார். நான் பக்கத்தில் போனதும் விரலால் ஓர் இடத்தைக் காட்டினார். அரம் போன கோடுகள் அங்கே மிக மெல்லியதாகத் தெரிந்தன. வழக்கமாகச் சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. "இது நம்ப பீஸு தம்பி. ஆய்வுக்கு மொதல்ல அனுப்பிச்சோமே, அது" என்றார். பெட்டியின் முன்னால் இருந்த அட்டையில் நிறுவனத்தின் பெயரும், வடிவமைத்த குழுவினர் ஆறு பேரின் பெயர்களும் இருந்தன. மேடையில் வாசிக்கப்பட்ட பாராட்டுரையிலும் அதே ஆறு பெயர்கள்.

இங்கே சிலர் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். "டிராயிங் அவர்களுடையது, உலோகம் அவர்களுடையது, பொறுப்பும் அவர்களுடையது, நீ கூலிக்கு வெட்டிக் கொடுத்தவன்" என்பார்கள். மறுக்கவில்லை. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் நானும்தான் கையெழுத்திட்டிருக்கிறேன், அதன் அவசியமும் எனக்குப் புரியும். வடிவமைத்தவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதும் என் நோக்கமன்று. அந்த ஆறு பேரில் ஒரு பெண் பொறியாளர் எங்கள் பட்டறைக்கு நான்கு முறை வந்து, அரை நாள் நின்று, மேஸ்திரி சொன்ன ஒரு மாற்றத்தை ஏற்று டிராயிங்கைத் திருத்தியவர். என் மனத்தாங்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

இந்தத் தொழிலில் ஒவ்வொரு பாகத்தோடும் ஒரு ரூட் கார்டு போகும். உலோகம் எந்த உருக்கில் வந்தது என்று சொல்லும் ஹீட் நம்பர் தொடங்கி, எந்தக் கட்டத்தில் எந்த இயந்திரத்தில் யார் செய்தார், யார் சோதித்தார், எந்தத் தேதியில் என்பது வரை அதில் இருக்கும். பிசிர் எடுக்கும் கட்டத்துக்கு எதிரே நாற்பது கார்டுகளிலும் மேஸ்திரியின் தமிழ்க் கையெழுத்து இருக்கிறது. நாளைக்கு ஒரு தாங்கி உடைந்தால் பத்து நிமிடத்தில் அவருடைய பெயரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்காகத்தான் அந்தக் காகிதத்தைப் பல ஆண்டுகள் பூட்டி வைத்திருக்கிறார்கள். குற்றம் சாட்டத் திறக்கும் அந்தக் கோப்பைப் பாராட்டுரை எழுதும்போதும் ஒருமுறை திறந்து பார்த்தால் என்ன என்பதுதான் என் கேள்வி.

அன்றிரவு மேஸ்திரியை வண்டியின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மவுண்ட் ரோடு, சென்ட்ரல், பேசின் பாலம் என்று வீடு திரும்பினேன். வழியில் மழை பிடித்துக்கொண்டது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்குமே என்று நான் கவலைப்பட்டபோது, அவர் அந்த ஐஸ்கிரீம் நன்றாக இருந்தது என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஆத்திரமெல்லாம் எனக்குத்தான் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த மாதமே சந்தா கட்டி அந்தச் சங்கத்தில் உறுப்பினரானேன். செயற்குழுவுக்கு ஒரு கடிதமும் எழுதினேன். பிரிட்டனின் வானூர்திச் சங்கம் 1909ஆம் ஆண்டில் தன் தங்கப் பதக்கத்தை ரைட் சகோதரர்கள் இருவருக்கும் அளித்தது. 1903இல் அவர்களுடைய விமானத்துக்கு 12 குதிரைத்திறன் இயந்திரத்தை ஆறு வாரத்தில், மிதிவண்டிக் கடையில் இருந்த லேத்தையும் துளையிடும் இயந்திரத்தையும் வைத்துக்கொண்டு செய்து கொடுத்த சார்லி டெய்லருக்கு அந்தப் பதக்கத்தில் பங்கில்லை. ஆனால் இன்று அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகம், ஐம்பது ஆண்டுகள் பணியாற்றிய மெக்கானிக்குகளுக்கு டெய்லரின் பெயரிலேயே விருது தருகிறது. நம் ஊரிலும் 1910இல் முதலில் பறந்தவர் யார் என்று கேட்டால் டாஞ்சலிஸ் என்ற பெயர் கிடைக்கிறது. மவுண்ட் ரோட்டில் உணவு விடுதி நடத்தியவர் அவர். விமானத்துக்கும் விருந்துக்கும் இங்கே உறவு அன்றே தொடங்கிவிட்டது போலும். அந்த விமானத்தைக் கட்டிக் கொடுத்தவர்கள் கோச்சு வண்டி செய்துவந்த சிம்சன் நிறுவனத்தின் தொழிலாளர்கள். அவர்களில் ஒருவருடைய பெயரைக்கூட நான் எங்கும் படித்ததில்லை. ஆகவே கையால் செய்பவர்களுக்கென ஒரு விருது வேண்டும் என்று கேட்டிருந்தேன்.

செயற்குழு மறுக்கவில்லை என்பதை அவர்களுக்காகச் சொல்லியாக வேண்டும். "தொழில்திறன் விருது" என்று ஒன்றை உடனே அறிவித்தார்கள். விண்ணப்பப் படிவம் மட்டும் பழையதே. அதில் "உயர்கல்வித் தகுதி", "வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள்" என்ற இரண்டு பகுதிகளும் கட்டாயம் நிரப்ப வேண்டியவை. முதல் பகுதியில் "எட்டாம் வகுப்பு" என்று எழுதினேன். ஆய்வுக் கட்டுரைக்கு, வாடிக்கையாளரின் விவரங்களை மறைத்துவிட்டு, மேஸ்திரியின் கையெழுத்துள்ள ரூட் கார்டு ஒன்றின் நகலை இணைத்தேன். "முழுமையற்ற விண்ணப்பம்" என்று திரும்பி வந்தது. அந்த ஆண்டு தொழில்திறன் விருது ஒரு பேராசிரியருக்குப் போனது. நல்ல மனிதர், மேடையிலேயே சற்றுக் கூச்சத்தோடுதான் வாங்கிக்கொண்டார்.

கேட்டவருக்கு இது பயன்படும் என்பதால் விரித்துச் சொல்கிறேன். எங்கள் சங்கத்தில் பாராட்டுரையை நடுவர்கள் எழுதுவதில்லை. விண்ணப்பத்தில் நாம் எழுதிக் கொடுத்ததைத்தான் சுருக்கி வாசிக்கிறார்கள். உங்கள் சங்கத்திலும் அப்படியே இருக்கலாம். ஆகவே விருந்தில் ஆர்டர் கேட்டு யாரையும் நச்சரிக்காதீர்கள். செயலாளரைப் பிடித்து அடுத்த ஆண்டுக்கான படிவம் எப்போது வரும், யார் முன்மொழியலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொள்முதல் மேலாளரைவிடத் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர் அருகில் உட்கார இடம் கிடைத்தால் விடாதீர்கள். எந்தப் பட்டறை எதைச் சரியாகச் செய்கிறது என்பதை எண்களோடு அறிந்தவர் அவர் ஒருவர்தான். எனக்கு அதற்குப் பிறகு வந்த இரண்டு நல்ல வாடிக்கையாளர்களும் அப்படி ஒரு பேச்சின் வழியாக வந்தவர்கள்.

படிவம் மாறுவதற்கு மேலும் ஓராண்டு ஆனது. நானும் செயற்குழுவில் இடம்பெற்ற அந்த ஆண்டில், விருந்தைப் பெரம்பூரில் ஒரு திருமண மண்டபத்தில் வைக்கலாம் என்று சொல்லிப் பிடிவாதமாக நிறைவேற்றினேன். வந்தவர்கள் வழக்கத்தில் பாதிதான். "அவ்வளவு தூரமா?" என்று தொலைபேசியில் கேட்டவர்கள் பலர். கிண்டியிலிருந்து பெரம்பூர் எவ்வளவு தூரமோ, பெரம்பூரிலிருந்து கிண்டியும் அவ்வளவுதானே. இத்தனை ஆண்டுகள் நாங்கள் போகவில்லையா? ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சூலூர்பேட்டைக்குப் போகும் மின்சார ரயில் எங்கள் வட சென்னையின் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வழியாகத்தான் போகிறது. வானம் தெளிவாக இருந்தால் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்புவது எங்கள் மொட்டை மாடியிலிருந்தே தெரியும். ராக்கெட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் பகுதி, ராக்கெட்டைப் பற்றிப் பேசும் விருந்துக்குத் தூரமாகிவிடுகிறது. இது கேள்விக்கு வெளியே போகிறது என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அழைப்பிதழில் இடம் எது என்று பாருங்கள், வெளியே போகவில்லை என்பது புரியும்.

அந்தப் பெரம்பூர் விருந்தில் தொழில்திறன் விருது மேஸ்திரிக்குக் கிடைத்தது. நான் செயற்குழுவில் இருந்ததால் கிடைத்தது என்று பேசியவர்கள் உண்டு. தேர்வுக் கூட்டத்தின்போது அறையை விட்டு வெளியேறியிருந்தேன், அது குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். வாழை இலையில் சாப்பாடு, எட்டரைக்கெல்லாம் முதல் பந்தி. மேஸ்திரியின் மனைவியும் இரண்டு பேத்திகளும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பெயரை முழுதாக, ஊரோடு சேர்த்து வாசித்தார்கள்.

விருது, மரப்பலகையில் பதித்த ஒரு பித்தளைத் தகடு. வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர், அதில் எழுதியிருந்ததைப் படிப்பதற்கு முன்பே கட்டை விரலைத் தகட்டின் ஓரமாக ஓட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "பிசிர் எடுக்காம உட்டுட்டானுங்க தம்பி" என்றார். மறுநாள் காலை நான் பட்டறைக்குப் போனபோது, பலகையிலிருந்து தகட்டைக் கழற்றி, வைஸின் தாடைகளுக்கு நடுவே கீறல் விழாதபடி அலுமினியத் துண்டுகள் வைத்துப் பிடித்து, அதே அரைவட்ட அரத்தால் நான்கு ஓரங்களையும் இழைத்துக்கொண்டிருந்தார். முடித்ததும் துணியால் துடைத்து, சோதனை மேசையில் என் முன்னால் வைத்துவிட்டு, கையெழுத்துக்காகக் காத்திருப்பவர்போல் நின்றார்.