வேனே வீடு: இந்த மாதக் கடிதங்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் என்ன வண்டி, எந்த வருஷத்து மாடல், எத்தனை பேர் தங்கப் போகிறார்கள் என்ற விவரமே இல்லை. அவற்றில் பெரும்பாலானவற்றை ஒதுக்கிவிட்டேன். விவரத்தோடு எழுதியவர்களுக்கும், விவரம் இல்லாவிட்டாலும் எல்லாருக்கும் பயன்படுகிற கேள்வி கேட்டவர்களுக்கும், ஆபத்தான காரியத்தில் இறங்கியிருப்பவர்களுக்கும் மட்டும் கீழே பதில் இருக்கிறது.

பாகான் செராய் வாசகர்: வீட்டை விட்டுவிட்டு வண்டியிலேயே வாழ எந்த வேன் நல்லது?

உள்ளே நிமிர்ந்து நிற்கிற அளவு கூரை உயரம் வேண்டும். உதிரிபாகம் சின்ன ஊரிலும் கிடைக்க வேண்டும். குவா மூசாங்கில் கிளட்ச் போனால் அங்கேயே சாமான் வாங்கிச் சரிசெய்ய முடிகிற வண்டிதான் உங்களுக்கு வண்டி. மற்றதெல்லாம் கையில் எவ்வளவு பணம், எத்தனை பேர் என்று எழுதினால்தான் சொல்ல முடியும்.

சுங்கை சிப்புட் வாசகர்: நானும் மனைவியும் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். தாமான் வீட்டை விற்று, அந்தக் காசில் மோட்டோர்ஹோம் வாங்கி, கடைசி வரை ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்க ஆசை. செய்யலாமா?

ஆசை நல்லது. விற்பதுதான் வேண்டாம். ஐயா, நம் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று உங்களுக்கே தெரியும். முப்பது நாற்பது வருஷம் தோட்டத்து வீட்டில் குடியிருந்துவிட்டு, வேலை முடிந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நின்றவர்கள் எத்தனை பேர்! தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில்தான் அமைச்சராக இருந்த நம்மூர்க்காரரான துன் சம்பந்தன், தொழிலாளர்கள் காசு சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்காக 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி அதில் சேர்ந்தார்கள். சொந்தமாக ஒரு கூரை நமக்குச் சும்மா வந்துவிடவில்லை. அதைக் கொடுத்துவிட்டு, வாங்கிய மறுநாளே விலை இறங்குகிற வண்டியை வாங்காதீர்கள்.

வீட்டை வாடகைக்கு விடுங்கள். ஒரு அறையை மட்டும் பூட்டிச் சாமான்களை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு மோட்டோர்ஹோமை வாடகைக்கு எடுத்து இரண்டு மூன்று வாரம் இருந்து பாருங்கள், அதுவும் மழைக்காலத்தில். ஈரத் துணி காயாத நாளில், நடுராத்திரி முழங்கால் வலியோடு எழுந்து அந்தக் குறுகலான கழிவறைக்குப் போய்வந்த பிறகும் இருவருக்கும் ஆசை குறையவில்லை என்றால் தாராளமாகக் கிளம்புங்கள்.

இன்னொன்று. முகவரி மாறினால் 30 நாளுக்குள் பதிவு இலாகாவில் சொல்லி மைகாட் அடையாள அட்டையில் மாற்ற வேண்டும். இப்போது வாக்காளர் பதிவு தானாக நடப்பதால், நீங்கள் எந்தத் தொகுதியில் ஓட்டுப் போடுவீர்கள் என்பதும் அந்த முகவரியை வைத்துத்தான். வீடு கையில் இருந்தால் இந்த அலைச்சல் எதுவும் இல்லை. விற்காதீர்கள்.

சுங்கை பட்டாணி வாசகர்: 55 வயதாகிறது. ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் முழுவதையும் எடுத்து வண்டி செய்யப் போகிறேன். பிறகு மாதச் செலவு எவ்வளவு ஆகும்?

கேள்வியையே தலைகீழாகக் கேட்கிறீர்கள். மாதச் செலவைத் தெரிந்துகொண்டு பிறகல்லவா பணத்தை எடுக்க வேண்டும்? என் கணக்கில், சேமிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வண்டியில் போடக்கூடாது. டீசல் லிட்டர் 2.15 வெள்ளி என்று வைத்து நீங்கள் அனுப்பிய பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். தீபகற்பத்தில் அந்த விலை 2024 ஜூனோடு போய்விட்டது. டயர், பிரேக், பேட்டரி என்று எதற்கும் அந்தப் பட்டியலில் ஒரு காசுகூட ஒதுக்கவில்லை. எழுதிவிட்டு மறுபடி அனுப்புங்கள்.

கோலக்கங்சார் வாசகர்: நானே வேனை வீடாக மாற்றியிருக்கிறேன். ஒரே வருஷத்தில் பின்பக்க டயர் இரண்டு முறை நெடுஞ்சாலையில் வெடித்துவிட்டது. எந்த பிராண்ட் டயர் போடலாம்?

பிராண்டை விடுங்கள். தராசில் ஏற்றினீர்களா? இல்லை என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் கிலோ என்ற சொல்லே இல்லை. கிச்சன் மேடைக்குக் கருங்கல் போட்டது, தரைக்கு 18 மில்லி பிளைவுட் போட்டது, 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தது எல்லாவற்றையும் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள்.

கணக்குப் போடுவோம். நாலுக்கு எட்டு அடி பிளைவுட், 18 மில்லி கனம், ஒரு ஷீட் ஏறக்குறைய 30 கிலோ. தரை, கட்டில், அலமாரி எல்லாம் சேர்த்து ஏழு ஷீட் என்றால் பலகை மட்டுமே 200 கிலோவைத் தாண்டும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, ஆக இன்னொரு 200. நூறு ஆம்பியர் லெட் (ஈய) பேட்டரி ஒன்று 30 கிலோவுக்குப் பக்கம், நீங்கள் மூன்று வைத்திருக்கிறீர்கள். நிரம்பிய 14 கிலோ கேஸ் தோம்பு, உருளையின் எடையோடு கிட்டத்தட்ட 30. கூரை ஏர்கான் ஒரு 35. கருங்கல்லை நான் எண்ணவே இல்லை. இதன் மேல் நீங்கள், மனைவி, துணிமணி, அரிசி மூட்டை. வண்டி தாங்கும் பளு எவ்வளவு என்று கம்பெனி எழுதியே வைத்திருக்கிறது, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள்.

தண்ணீர்த் தொட்டியைப் பின் அச்சுக்கும் பின்னால், வால் பக்கம் வைத்திருக்கிறீர்கள். அந்த 200 கிலோவும் பின் அச்சில் அதைவிடக் கூடுதலாக அழுத்தும், முன் சக்கரத்தை மேலே தூக்கும். மழையில் ஸ்டீரிங் லேசாகிறது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, காரணம் இதுதான். தொட்டி இரண்டு அச்சுக்கும் நடுவில், தாழ்வாக இருக்க வேண்டும்.

இதில் எனக்குத் தீராத கோபம் உண்டு. காசு வாங்கிக்கொண்டு வேனை வீடாக்கித் தரும் பட்டறைகளில் பல, எடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. விளக்கு எத்தனை நிறத்தில் எரியும் என்று காட்டுவார்கள். வண்டி எத்தனை கிலோ ஆயிற்று என்று கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். இத்தனைக்கும் தராசுக்குப் பஞ்சமில்லாத வட்டாரம் நம்முடையது. செம்பனை ஆலை இருக்கும் இடத்திலெல்லாம் லாரி ஏறும் தராசு மேடை இருக்கிறது. குலை லாரிகள் வரிசை குறைந்த நேரம் பார்த்து, ஆபீஸில் மரியாதையாகக் கேளுங்கள். பெரிய பழைய இரும்புக் கடைகளிலும் உண்டு. தண்ணீர், டீசல், கேஸ் எல்லாம் நிரப்பி, பயணம் போகிற ஆட்களோடு ஏறுங்கள். முதலில் முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கட்டும், குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முழு வண்டி. கழித்தால் பின் அச்சின் எடை வந்துவிடும்.

தராசுக்குப் போகும்வரை ஒரு வேலை செய்யுங்கள். டார்ச் எடுத்துக்கொண்டு பின் அச்சுக்குக் கீழே பாருங்கள். லீஃப் ஸ்பிரிங் வளைவே இல்லாமல் நேராகப் படுத்திருக்கிறதா? அதற்கு மேலே இருக்கும் ரப்பர் கட்டையின் நுனி தேய்ந்து பளபளவென்று இருக்கிறதா? அப்படியானால் ஒவ்வொரு குழியிலும் வண்டியின் அடிச்சட்டம் அச்சில் போய் இடித்துக்கொண்டிருக்கிறது. டயர் வெடிக்காமல் என்ன செய்யும்? பளு கூடி, காற்றும் குறைந்திருந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரியும், சூடேறும், உள்ளே ஒட்டியிருக்கும் பட்டைகள் பிரிந்துவிடும்.

கடைசியாக டயர். வேனுக்கு ‘சி’ எழுத்துப் போட்ட வணிக வண்டி டயர்தான் வேண்டும், கார் டயர் ஆகாது. பக்கச்சுவரில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் பளு எண்ணைப் பாருங்கள். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 104 என்றால் 900. நாலு இலக்கத் தேதியையும் பாருங்கள். 3221 என்றால் 2021-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்தது. ஆனால் முதலில் தராசு.

தாப்பா வாசகர்: 200 வாட் சோலார், நூறு ஆம்பியர் லெட் பேட்டரி ஒன்று. ராத்திரி முழுக்க ஏர்கான் ஓடுமா?

ஓடாது. அந்த பேட்டரியில் கெடாமல் எடுக்கக்கூடியது அரை யூனிட்தான். சின்ன ஏர்கான் ஒரு ராத்திரிக்கு நாலு யூனிட் கேட்கும். நம் வானத்தில் 200 வாட் பலகை ஒரு நல்ல நாளில் தருவது முக்கால் யூனிட் கூட வராது. லித்தியம் பாஸ்பேட்டில் 400 ஆம்பியர் போட்டால் ஒரு ராத்திரி தாங்கும், மறுநாள் அதை நிரப்ப வண்டி ஓட வேண்டும் அல்லது முகாமில் கரண்ட் வேண்டும். கூரை ஃபேன் 30 வாட்டுதான், அதை நம்புங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்கிறதா? நீங்கள் அனுப்பிய படத்தில் காணோம். ஃபியூஸ் இல்லாத வயர் உரசினால் வண்டியே எரியும். இன்றைக்கே போடுங்கள்.

ரவாங் வாசகி: கேஸ் தோம்பைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறோம். ஜன்னல் திறந்தே இருக்கும். பரவாயில்லையா?

பரவாயில்லை இல்லை அம்மா, இன்றே வெளியே எடுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் ஜன்னல் வழியாகப் போகாது, தரையோடு தேங்கும், சரியாக நீங்கள் படுக்கிற இடத்தில். வெளியிலிருந்து மட்டும் திறக்கிற, உள்ளே சந்தே இல்லாத பெட்டி செய்து, அதன் அடியில் தரையை ஓட்டை போட்டுத் திறந்துவிட வேண்டும். இணைப்புகளைச் சோப்புத் தண்ணீர் தடவிச் சோதியுங்கள், நெருப்புக் குச்சியால் அல்ல. அடுப்பைக் குளிருக்காகவோ ஈரத்துக்காகவோ மூடிய வண்டிக்குள் எரியவிடாதீர்கள்.

பினாங்கு வாசகர்: அமெரிக்க வீடியோக்களில் சொல்வதுபோல் டீசல் ஹீட்டரும் கம்பளி அடைப்பும் தேவையா?

இரண்டும் வேண்டாம். நமக்குப் பகை வெயிலும் ஈரமும். கூரைக்கு வெள்ளைப் பெயின்ட், தகரத்தோடு ஒட்டுகிற ஈரம் குடிக்காத நுரைப் பலகை, மெத்தைக்கு அடியில் காற்றுப் போக இடைவெளி. இவை போதும்.

நிபோங் திபால் வாசகி: அம்மா இன்சுலின் போடுபவர். அவரையும் அழைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சுற்ற முடியுமா?

முடியும், கவனம் வேண்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால் 12 வோல்ட் பெட்டியின் குளிர்த் தகட்டை ஒட்டி வைக்காதீர்கள், உள்ளே ஒரு தெர்மோமீட்டர் போட்டுவிடுங்கள். பயன்பாட்டில் இருக்கும் பேனா 30 டிகிரிக்குள் நாலு வாரம் வரை இருக்கலாம். வெயிலில் பூட்டிய வேன் அந்தச் சூட்டை எப்போதோ தாண்டியிருக்கும், ஆகவே சாப்பிட இறங்கினாலும் பையோடு இறங்குங்கள். மருந்துக்காக மாதம்தோறும் ஊர் திரும்ப வேண்டாம். அரசு மருத்துவமனை மருந்தகத்தில் எஸ்பியூபி என்று கேளுங்கள், அடுத்த மாத மருந்தை நீங்கள் போகிற ஊரின் அரசு கிளினிக்கிலேயே வாங்க ஏற்பாடு செய்வார்கள். அம்மாவைப் பார்க்கும் டாக்டரிடம் கிளம்புவதற்கு முன் பேசிவிடுங்கள்.

பீடோர் வாசகர்: கேமரன் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் வாடை வந்தது. ஏன்?

காலை எடுக்காமல் பிரேக்கிலேயே வந்திருக்கிறீர்கள். உச்சியிலிருந்தே இரண்டாம் கியர். வாடை வந்தால் ஒதுங்கி நின்று ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வெடிக்கும். கனமான வண்டிக்குத் தாப்பா சாலையைவிடச் சிம்பாங் பூலாய் சாலை அகலம். பிரேக் எண்ணெயை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். உங்களுக்கும் சொல்கிறேன், தராசில் ஏற்றுங்கள்.

கூலிம் வாசகர்: செம்பனைத் தோட்ட ஓரமாக ராத்திரி நிறுத்தலாமா?

தோட்டத்துச் சாலை தனியார் நிலம், மானேஜரிடம் கேட்காமல் நுழையாதீர்கள். கேட்டுக்கொண்டு நிறுத்தினாலும் எலியைக் கவனியுங்கள். செம்பனையில் எலித் தொல்லைக்காகவே பல தோட்டங்கள் ஆந்தைக் கூண்டு கட்டி வைத்திருக்கின்றன. ஒரே ராத்திரியில் இன்ஜின் வயரைக் கடித்துவிடும். பானெட்டைத் திறந்து வைத்து, உள்ளே ஒரு சின்ன விளக்கை எரியவிடுங்கள். பழக்காலத்தில் டுரியான் மரத்தடியில் நிறுத்தவே கூடாது.

கிரிக் வாசகர்: கழிவறைத் தொட்டியை எங்கே கொட்டுவது?

கழிவறையில். லோங்காங்கிலும் ஆற்றிலும் கொட்டுபவர்களால்தான் நம்மை எந்தக் கம்பத்திலும் நிற்கவிடமாட்டேன் என்கிறார்கள்.

தைப்பிங் வாசகர்: பெங்காலான் உலு வழியாகப் பெத்தோங் போய், தாய்லாந்தில் மூன்று மாதம் இருக்கத் திட்டம். என்ன கொண்டுபோக வேண்டும்?

பாஸ்போர்ட், வண்டிப் பதிவு அட்டை, தாய்லாந்துக் காப்புறுதி. வண்டிக்கு பேங்க் கடன் பாக்கி இருந்தால் பேங்கின் அனுமதிக் கடிதம். உங்கள் வண்டியின் மாற்றங்களை ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) ஏற்றுப் பதிவில் சேர்த்திருக்கிறதா, காப்புறுதிக் கம்பெனிக்குத் தெரியுமா என்பதை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அனுமதியில்லாத மாற்றத்தோடு விபத்தில் சிக்கினால் இங்கேயே பணம் தர மறுப்பார்கள், அங்கே கேட்கவே வேண்டாம். வெளிநாட்டு மோட்டோர்ஹோம் விஷயத்தில் தாய்லாந்து கண்டிப்பானது, வாசலில் போய் நின்று கேட்காமல் முன்கூட்டியே அவர்கள் சுங்கத்தில் விசாரியுங்கள். பெத்தோங் வாசல் இரவில் மூடிவிடும், அவர்கள் கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை தென் தாய்லாந்தில் வெள்ளக் காலம். பிப்ரவரிக்கு மேல் கிளம்புங்கள்.