இறங்கிய ஈறு மீண்டும் ஏறுமா?
ஈறு இறங்கிப் பல்லின் வேர் தெரிகிறது, தானாகச் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. ஆனால் மேலும் இறங்காமல் தடுக்கலாம்.

முதலில் காரணம் தெரிய வேண்டும். அழுத்தித் தேய்ப்பவர்களுக்கும் ஈறு இறங்கும். பல்லில் காரை (கெட்டியாக இறுகிய அழுக்கு) படிந்து ஈறுநோய் வந்தவர்களுக்கும் இறங்கும். பல் மருத்துவர் மெல்லிய கருவியை விட்டு ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள ஆழத்தை அளப்பார். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. அதைத் தாண்டி ரத்தமும் கசிந்தால், ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள்: பல்லைத் தாங்கும் எலும்பை அரித்து ஆட வைத்தது நோய்தான், காரை அதை மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவே.

வேர் அதிகம் வெளிப்பட்டிருந்தால் மேலண்ணத்திலிருந்து திசு எடுத்து ஒட்டுவதும் உண்டு. அதுவரை மென்மையான பிரஷ், லேசான கை.