தம்ளருக்குள் கம்பியை விட்டதும் தண்ணீர் பழுப்பாவது ஏன்?

கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீடு தேடி வந்த வாட்டர் பில்டர் ஏஜென்ட் மேசைமேல் இரண்டு தம்ளர் வைத்தாராம், ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவருடைய பில்டர் தண்ணீர். பிளக்கில் மாட்டிய ஒரு கருவியின் கம்பிகளை இரண்டிலும் விட்டுச் சுவிட்சைப் போட்டதும் குழாய்த் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் தே ஓ (பாலில்லாத தேநீர்) மாதிரி பழுப்பாகிக் கசடு கட்டிவிட்டது, பில்டர் தண்ணீர் அப்படியே தெளிவாக நின்றது. "இதைத்தான் அம்மாவுக்குக் குடிக்கக் கொடுக்கிறீர்கள், அவருக்குச் சிறுநீரகக் கல் வராமல் என்ன செய்யும்?" என்று கேட்டாராம். விலை 3,800 வெள்ளி (ரிங்கிட்), மாதத் தவணை. வாங்கலாமா?

வேண்டாம் சகோதரி. நீங்கள் பார்த்த கசடு அவர் உள்ளே விட்ட கம்பியிலிருந்து வந்தது.

அந்தக் கருவியில் ஒரு கம்பி இரும்பு, இன்னொன்று பெரும்பாலும் அலுமினியம். மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரில் இறங்குகிறது. அப்படி இறங்கிய இரும்பு, தண்ணீரிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகிறது. பழுப்பு நிறம் அதுதான், அடியில் படிவதும் அதுதான். அடுத்த முறை யாராவது இதைச் செய்து காட்டினால் கம்பியைப் பாருங்கள், பலமுறை பயன்படுத்திய கம்பி அரித்துப் போய்க் குழி விழுந்திருக்கும்.

சரி, பில்டர் தண்ணீர் ஏன் மாறவில்லை? மின்சாரம் தண்ணீரில் பாய வேண்டுமென்றால் அதில் சுண்ணாம்புச் சத்து, மெக்னீசியம், சோடியம் போன்ற உப்புகள் கொஞ்சமாவது கரைந்திருக்க வேண்டும். அவருடைய பில்டர், மெம்பிரேன் என்னும் நுண்ணிய சவ்வு வழியாக அவற்றை ஏறக்குறைய முழுதாக எடுத்துவிடுகிறது. உப்பு இல்லை என்றால் மின்சாரம் பாயாது, மின்சாரம் பாயவில்லை என்றால் இரும்பு கரையாது, தண்ணீரும் நிறம் மாறாது. அழுக்கைப் பற்றி இந்தச் சோதனை ஒன்றுமே சொல்வதில்லை. ஆற்று நீரில் படிகாரம் போட்டுச் சேற்றைத் திரட்டி அடியில் படிய வைப்பது சுத்திகரிப்பு நிலையத்தில் தினமும் நடக்கும் வேலை. இரும்பையும் அலுமினியத்தையும் மின்சாரத்தால் கரைத்து அதே வேலையைச் செய்யும் ஆலைகளும் இருக்கின்றன. தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஒரு வேதியியலை எடுத்துத் தண்ணீர் அழுக்கு என்று காட்டுவதற்குப் பயன்படுத்துகிறார்கள், எனக்கு ஆத்திரம் வருவதே இதனால்தான்.

சந்தேகம் தீர வேண்டுமா? கடையில் நிற மூடி போட்ட மினரல் வாட்டர் பாட்டில் ஒன்றும், வெள்ளை மூடி போட்ட குடிநீர் பாட்டில் ஒன்றும் வாங்கி வையுங்கள். நம் நாட்டில் நிற மூடி என்றால் இயற்கைத் தாதுநீர், வெள்ளை மூடி என்றால் சுத்திகரித்த குடிநீர். ஏஜென்ட்டையே இரண்டிலும் கம்பியை விடச் சொல்லுங்கள். அதிக விலை கொடுத்து வாங்கிய மினரல் வாட்டர் பழுப்பாகும். நீங்களாக அந்தக் கருவியைத் தொடாதீர்கள், வீட்டு மின்சாரம் நேராக அதற்குள் வருகிறது, பிள்ளைகளைப் பக்கத்திலேயே விடாதீர்கள்.

பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டரையும் காட்டுவார்கள். அது கரைந்த உப்பின் அளவைத்தான் சொல்லும். மலேசியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது, நம் குழாய்த் தண்ணீர் அதற்கு வெகு கீழே. கிருமி இருந்தாலும் அந்த மீட்டருக்குத் தெரியாது. சிறுநீரகக் கல் வராமலிருக்க மருத்துவர் முதலில் சொல்வதே தண்ணீர் அதிகம் குடியுங்கள் என்பதுதான், பயந்து குறைத்துவிடாதீர்கள்.

ஆனால் ஒரு விஷயத்தை நீங்கள் பார்த்துத்தான் ஆக வேண்டும். கம்பி எதுவும் விடாமலேயே குழாயில் பழுப்பு நீர் வந்தால் அது நிஜமான பிரச்சினை. பழைய பிளாட்டுகளில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள் இன்னும் இருக்கின்றன, பூச்சு போனதும் உள்ளே துருப்பிடிக்கும். காலையில் முதல் தண்ணீரை வெள்ளை வாளியில் பிடியுங்கள். சில நிமிடம் ஓடியதும் தெளிந்தால் துரு உங்கள் வீட்டுக் குழாயில் இருக்கிறது. எவ்வளவு ஓடினாலும் தெளியவில்லை என்றால் மேல்மாடி, கீழ்மாடி வீடுகளில் கேளுங்கள், எல்லாருக்கும் அப்படித்தான் என்றால் மொட்டைமாடித் தொட்டியையோ கட்டடத்தின் பொதுக் குழாயையோ பார்க்க வேண்டும். நீர்த்தடை முடிந்து தண்ணீர் திரும்பும்போது மட்டும் வந்தால், தெருக் குழாயில் படிந்திருந்த மண்ணும் துருவும் கிளம்பி வருகின்றன, ஓடவிட்டால் தெளியும். இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியில் கறை பிடிக்கும், வெள்ளைச் சட்டை உங்களுக்கு முதலிலேயே காட்டிக் கொடுத்துவிடும்.

இதற்கும் 3,800 வெள்ளிக் கருவி மருந்தல்ல. குழாய் நுழையும் இடத்தில் வண்டல் பிடிக்கும் சாதாரண வடிகட்டி போதும், குளோரின் வாடை பிடிக்கவில்லை என்றால் ஒரு கரி வடிகட்டி. மெம்பிரேன் கருவி தண்ணீரில் ஒரு பங்கைச் சாக்கடைக்கே அனுப்பும், அதை ஏஜென்ட் சொல்ல மாட்டார்.

இங்கேதான் நிர்வாகத்தின் மேல் எனக்குக் கோபம். மீட்டர் வரைக்கும்தான் எங்கள் பொறுப்பு என்று நீர் நிறுவனம் சொல்லும், பராமரிப்பு நிதி இல்லை என்று கட்டட நிர்வாகம் சொல்லும், நடுவில் குழாய் துருப்பிடித்துக் கிடக்கும். இத்தனை வருடமாக இந்தக் கம்பிக் கருவி கடைகளில் தாராளமாக விற்கிறது, வீடு வீடாக வந்து பயமுறுத்துகிறவர்களைத் தேடிப் பிடிக்க ஆளைக் காணோம். குழாய்த் தண்ணீரின் தரச் சோதனை முடிவுகளைக் குடியிருப்புவாரியாகப் படிக்கிற மாதிரி எழுதிப் போட்டாலே இவர்களுடைய வியாபாரம் பாதி படுத்துவிடும்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் பயப்படாதீர்கள். நேரடி விற்பனை மற்றும் பிரமிடுத் திட்டத் தடுப்புச் சட்டம் 1993, வீட்டு வாசலில் செய்த ஒப்பந்தத்தை 10 வேலை நாட்களுக்குள் ரத்து செய்ய உங்களுக்கு உரிமை தருகிறது. போனில் சொன்னால் பேசி மயக்கிவிடுவார்கள், அதனால் எழுத்தில் கொடுத்து ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் பயனீட்டாளர் உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது, வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் சில வெள்ளிதான். அப்புறம் உங்கள் கட்டட நிர்வாகத்திடம் மேல்தொட்டியைக் கடைசியாக எந்தத் தேதியில் கழுவினார்கள் என்று கடிதம் எழுதிக் கேளுங்கள், பக்கத்து வீட்டுக்காரர்களையும் அதில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.