'முடிந்தது மிஸ்' என்று நோட்டை நீட்டும் பிள்ளைகள்

கேள்வி: மொரிஷியஸில் ஆரம்பப் பள்ளி நான்காம் வகுப்புக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். காவடித் திருவிழாவைப் பற்றி எழுதச் சொன்னால், பிள்ளைகள் நாலு வரி எழுதிவிட்டு 'முடிந்தது மிஸ்' என்று நோட்டை நீட்டுகிறார்கள். தாங்களாகவே திட்டமிட்டு எழுதவும் திருத்திக்கொள்ளவும் எப்படிப் பழக்குவது?

பதில்: இதைச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வயதில் மனசில் வருவதை எழுதுவார்கள், அது வற்றியதும் நிறுத்திவிடுவார்கள். பெரைட்டர், ஸ்கார்டமாலியா என்ற இரு ஆய்வாளர்கள் 1987-லேயே இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்குச் சுமை இன்னும் கூடுதல். வீட்டில் கிரியோல் என்ற உள்ளூர்ப் பேச்சுமொழி, பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழ்ச் சொல்லைத் தேடி, லகர ளகரத்தையும் யோசித்துக்கொண்டிருக்கும்போது, அடுத்து என்ன சொல்வது என்று எப்படி நினைப்பார்கள்?

அதனால் முதலில் பேச விடுங்கள், கிரியோலிலேயே. ஐந்து நிமிடம், இருவர் இருவராக. அப்புறம் ஒரு தாளை நாலாக மடித்து, கட்டத்துக்கு ஒரு படமோ ஒரு தமிழ்ச் சொல்லோ போடட்டும். முன்னுரை, முடிவுரை என்று நீங்கள் தலைப்புக் கொடுக்க வேண்டாம். ஒரு பிள்ளை பால்குடம், வெறுங்கால், பாட்டி, வாழையிலையில் ஏழு கறி என்று வரையலாம். "கால் எதற்கு?" என்று கேளுங்கள். "தார் ரோடு சுட்டது, அத்தை தண்ணீர் ஊற்றினாங்க" என்று பதில் வந்தால், கட்டுரை அங்கேதான் இருக்கிறது. பிள்ளைகள் கேட்கும் சொற்களை மட்டும் பலகையில் எழுதுங்கள்.

எழுதும்போது அந்தத் தாள் நோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒரு கட்டத்தை எழுதி முடித்தால் ஒரு டிக். டிக் போடாத கட்டம் இருந்தால் இன்னும் முடியவில்லை என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும், நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் ஒரு கட்டத்தை அடித்துவிட்டு வேறு வரைந்தால் தடுக்காதீர்கள். நல்ல எழுத்தாளர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

இதையெல்லாம் முதலில் நீங்கள் பலகையில் செய்துகாட்ட வேண்டும், வாய்விட்டு: "சரி, அடுத்து என்ன? கட்டத்தைப் பார்க்கிறேன்... பாட்டி. பாட்டி என்ன செய்தாங்க?" ஹாரிஸ், கிரஹாம் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1980-களிலிருந்து வளர்த்த, எழுதக் கற்றுக்கொடுக்கும் முறையில் இது முக்கியமான படி. ஆசிரியர் உரக்கச் சொல்வதைப் பிள்ளை மெல்ல முணுமுணுக்கும், பிறகு மனசுக்குள் சொல்லிக்கொள்ளும். வாரக்கணக்கில் ஆகும், அவசரப்படாதீர்கள்.

'ஒரு தடவை சரிபார்' என்பது சின்னப் பிள்ளைக்குப் புரியாத கட்டளை. ஒரு சுற்றுக்கு ஒரே கேள்வி போதும். முதல் சுற்றில் சொல்லுக்குக் கீழே விரல் வைத்து, பக்கத்துப் பிள்ளைக்கு உரக்கப் படித்துக்காட்டட்டும். கேட்கும் பிள்ளை ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதற்கான பதிலை நோட்டில் சேர்க்க வேண்டும். முற்றுப்புள்ளி அடுத்த சுற்றில். எழுத்துப்பிழை கடைசியில், அதுவும் எல்லாம் அல்ல, அன்றைக்கு ஓர் எழுத்து.

தயவுசெய்து சிவப்புப் பேனாவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பிள்ளை தன் பென்சிலால் ஓர் இடத்தையாவது திருத்திய பிறகே நீங்கள் திருத்துங்கள். முந்திக்கொண்டால், பிழை பார்ப்பது மிஸ்ஸுடைய வேலை என்று விட்டுவிடுவார்கள். இன்னும் எழுத வராத ஒன்றாம் வகுப்புக்கு நாலு கட்டமும் அதைச் சொல்லிக்காட்டுவதுமே போதும்.