மறுபடியும் உடுப்பு போடலாமா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு 38 வயது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 17 வருடம் இருந்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் நானே எழுதிக்கொடுத்து, நாயக் ரேங்க்கில் பென்ஷன் வந்தேன். வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அம்மாவும் போன வருடம் தவறிவிட்டார்கள். முக்கால் ஏக்கர் தேயிலை இருக்கிறது. ஒரு ரிசார்ட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக வேலை. சர்வீஸ் முழுக்கக் குடும்பத்தை ஊரிலேயேதான் விட்டிருந்தேன். மகள் ஒன்பதாவது, மகன் ஐந்தாவது.

இங்கே எதிலும் ஒழுங்கு இல்லை அக்கா. சொன்ன நேரத்துக்கு யாரும் வருவதில்லை. வீட்டில் நான் வாய் திறந்தால் எல்லோரும் அமைதியாகிவிடுகிறார்கள். ஊட்டி பஸ்ஸில் எங்கள் ரெஜிமென்ட் சென்டர் இருக்கிற வெலிங்டனைத் தாண்டும்போது ரெக்ரூட்கள் ஓடுவதைப் பார்த்தால் தொண்டை அடைக்கிறது. கூட இருந்தவன் ஒருவன் டி.எஸ்.சி.யில் (டிஃபென்ஸ் செக்யூரிட்டி கார்ப்ஸ்) சேரச் சொல்கிறான். பென்ஷன் வந்து இரண்டு வருடம் தாண்டினால் எடுக்க மாட்டார்களாம். எனக்கு இன்னும் ஆறு மாதம்தான் இருக்கிறது. சேரலாமா? மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.
— பெயர் வேண்டாம், குன்னூர்

பதில்:

அன்புத் தம்பி,

சேரலாம். உங்கள் வயதுக்கும் சர்வீஸுக்கும் வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் ஏங்குகிற இடத்துக்கு டி.எஸ்.சி. உங்களைக் கூட்டிக்கொண்டு போகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடிதம் முழுக்க நீங்கள் எழுதியிருப்பது உங்கள் பழைய பட்டாலியனைப் பற்றி. பென்ஷன் வந்தவர் அந்த பட்டாலியனுக்கே திரும்பிப் போக வழி கிடையாது. 2022-க்குப் பிறகு சிப்பாய் சேர்க்கை அக்னிவீர் என்று ஆகிவிட்டது, அதற்கான வயது இருபதுகளின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். உங்களுக்குத் திறந்திருக்கிற பெரிய கதவு டி.எஸ்.சி. என்கிற பாதுகாப்புக் காவல் படைதான். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

1947 பிப்ரவரியில் தொடங்கிய படை அது. ஆயுதக் கிடங்கு, விமானத் தளம், கப்பல் தளம், ராணுவத் தொழிற்சாலை என்று முப்படைகளின் இடங்களையும் காவல் காப்பது அதன் வேலை. சென்டர் கேரளத்தில், கண்ணூரில். ஆட்களில் பெரும்பாலோர் உங்களைப் போல ஒருமுறை பென்ஷன் வந்தவர்கள். மெடிக்கலில் ஷேப்-1, அதாவது முழு உடல்தகுதி வேண்டும். டிஸ்சார்ஜ் புக்கில் நடத்தை நன்றாக எழுதியிருக்க வேண்டும், ரெட் இங்க் என்ட்ரி என்கிற தண்டனைக் குறிப்பு அதிகம் இருக்கக் கூடாது. உங்கள் நண்பர் சொல்லும் இடைவெளிக் கணக்கும் உண்மைதான். ஆனால் அந்த வரம்பு சில சமயம் தளர்ந்திருக்கிறது, கிளார்க்குக்கு ஒரு மாதிரி, ஜெனரல் டியூட்டி என்கிற காவல் வேலைக்கு ஒரு மாதிரி என்றும் இருந்திருக்கிறது. அதனால் நண்பர் சொன்ன ஆறு மாதத்தை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இப்போது அமலில் இருப்பது எது என்று ரெக்கார்ட் ஆபீஸில் கேட்டால் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

பணக் கணக்கு உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. இப்போது வாங்குகிற பென்ஷனை அப்படியே வைத்துக்கொண்டு, டி.எஸ்.சி. சர்வீஸைத் தனியாகக் கணக்கில் கொள்ளலாம். அதில் 15 வருடம் முடித்தால் இரண்டாவது பென்ஷன் உண்டு. 39 வயதில் சேர்ந்தால் 57 வரை 18 வருடம் கையில் இருக்கிறது. நாற்பத்தைந்தில் யோசிக்கிறவருக்கு இந்த வசதி இல்லை, அவருக்கு 15 வருடமே தேறாது. பழைய சர்வீஸையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்லி விருப்பம் எழுதிக் கொடுத்தால் மட்டும் இப்போதைய பென்ஷன் நின்றுபோகும். அந்தப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி அந்த வேலையைப் பார்ப்போம். நீங்கள் நாயக். ஒரு செக்‌ஷனைக் கையில் வைத்திருந்தவர். டி.எஸ்.சி.யில் மறுபடியும் அடிமட்ட ரேங்க்கான சிப்பாயாகத்தான் சேர வேண்டும். ஜெனரல் டியூட்டிக்குப் போகிற எல்லோருக்கும் இதுதான், முன்பு என்ன ரேங்க் என்பது பின்னால்தான். எங்கள் தெருவில் ஒரு ஹவில்தார் இப்படிப் போனார். அப்பாவுடன் அதே ரெஜிமென்ட்டில் இருந்தவர் என்பதால் லீவில் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டுத்தான் போவார். முதல் லீவில் வந்தபோது அவர் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு கேட்டில் நிற்கிறார். தன்னைவிட ஐந்தாறு வயது சின்ன கார்டு கமாண்டர் வந்து பெல்ட்டைச் சரிபார்க்கிறார். "வேற எதுவும் இல்லம்மா, அந்தப் பையன் என் பெல்ட்டைத் தொட்டுப் பாத்தான். சரியாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு மாசம் எனக்கு அது மறக்கல" என்றார். அவர் திரும்பிவிடவில்லை. முழு சர்வீஸும் முடித்துத்தான் வந்தார், மகளைப் படிக்கவைத்தார், இப்போதும் டி.எஸ்.சி.யைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசுவார். அது ஒரு வேலை என்று அவர் முதலிலேயே மனதைத் தயார்படுத்தியிருந்தார். பழைய கம்பெனி கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

நீங்கள் எதிர்பார்ப்பது அந்தக் கம்பெனியைத்தானோ என்பதுதான் என் கவலை. "வீர மதராசி, அடி கொல்லு" என்று உங்கள் ரெஜிமென்ட்டின் போர்முழக்கத்தை ஒரே குரலில் முழங்கிய கூட்டம் அங்கே இருக்காது. பக்கத்துக் கட்டிலில் ஒரு பழைய மராத்தா, அதற்கு அடுத்து ஒரு ஜாட், அந்தப் பக்கம் சிக்னல்ஸில் இருந்த ஒருவர். எல்லோரும் நாற்பதை ஒட்டியவர்கள். டியூட்டி முடிந்ததும் ஆளுக்கொரு மூலையில் போனைப் பிடித்துக்கொண்டு வீட்டுக் கடன், மகளின் ஃபீஸ் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். நல்ல மனிதர்கள், சந்தேகமில்லை. ஆனால் வெலிங்டன் மைதானத்தில் ஓடுகிற அந்தப் பையன்கள் அவர்கள் இல்லை, நீங்களும் இப்போது அந்தப் பையன் இல்லை. பஸ் ஜன்னலில் உங்கள் தொண்டையை அடைக்கிறது இருபது வயதின் ஞாபகம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை தம்பி. நான் அந்த பாரக்ஸ் பக்கம் வளர்ந்தவள். ரிடையர் ஆன பெரிய பெரிய சுபேதார்கள் காலை பியூகிள் கேட்டதும் கையில் இருக்கிற டீயைக் கீழே வைத்துவிட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அது உடம்பில் ஊறிப்போன விஷயம். ஆனால் அதை நம்பி 18 வருடத்துக்குக் கையெழுத்துப் போட முடியாது.

வீட்டில் நீங்கள் பேசினால் எல்லோரும் அமைதியாகிவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உலுக்கிய வரி அதுதான்.

ஒரு ஜவானுக்கு வருடத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவ், 30 நாள் கேஷுவல். அதை ஒரு நாள் விடாமல் எடுத்திருந்தாலும், மகள் பிறந்ததிலிருந்து நீங்கள் பென்ஷன் வரும்வரை அவளோடு இருந்த காலம் மூன்று வருடம்தான் தேறும். மீதிக் காலம் வீட்டை யார் ஓட்டியது? இலை பறிக்க வரும் பெண்களுக்குக் கூலி கொடுத்தது, ஷெட்டில் நின்று எடை சரியா என்று பார்த்தது, பச்சை இலை விலை விழுந்த மாதங்களில் உரத்துக்கும் மளிகைக்கும் நடுவில் எதை ஒத்திப்போடுவது என்று முடிவு செய்தது, இருட்டின பிறகு தோட்டத்தில் காட்டெருமை நிற்கிறது என்று பிள்ளைகளைச் சுற்றுவழியில் கூட்டிவந்தது, உங்கள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது. எல்லாம் உங்கள் மனைவி. அந்த வீட்டில் ஒழுங்கு இருக்கிறது தம்பி. அது நீங்கள் இல்லாமல் உண்டான ஒழுங்கு. அதனால் உங்கள் கண்ணுக்கு அது தெரியவில்லை. காலை நாலரைக்கு எழுந்து பிள்ளைகளின் போர்வையை மடித்து வைத்து, ஸ்கூல் பஸ்ஸுக்கு இரண்டு நிமிடம் தாமதமானதற்குச் சத்தம் போடுகிற அப்பாவாக நீங்கள் உள்ளே வந்தால், அவர்கள் அமைதியாகாமல் என்ன செய்வார்கள்? பயமும் இருக்கும். அதைவிட, உங்களிடம் எப்படிப் பேசுவது என்றே தெரியாமல் இருக்கும். லீவில் வரும் அப்பாவைத்தான் அவர்களுக்குத் தெரியும். அவர் மிட்டாய் வாங்கி வருவார், கோபப்பட மாட்டார், சீக்கிரம் போய்விடுவார்.

நீங்கள் இதையெல்லாம் செய்கிறீர்கள் என்று குற்றம் சுமத்தவில்லை. எங்கள் தெருவில் பென்ஷன் வந்த பாதி வீடுகளில் இது நடந்தது, எங்கள் வீட்டிலும் நடந்தது. ஒன்றரை வருடம் என்பது இதற்குக் கொஞ்சம்தான். அதற்குள் உங்கள் அம்மாவின் நோயும் மரணமும் வேறு. வேலையை விட்டு வந்ததே அம்மாவுக்காக, அவர்களும் போய்விட்டார்கள், இனி எதற்கு இங்கே என்று மனது கேட்கத்தானே செய்யும். அந்தத் துக்கத்தின் நடுவில்தான் டி.எஸ்.சி. பேச்சு வந்திருக்கிறது.

இப்போது கடைசி வரிக்கு வருகிறேன். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. இத்தனை பெரிய முடிவை அவரிடம் சொல்லாமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் இருக்கலாம். சரி போங்கள் என்று சட்டென்று சொல்லிவிடுவாரோ என்ற பயமும் இருக்கலாம், அதுதான் அதிகம் வலிக்கும். எதுவாக இருந்தாலும் ஆர்டர் வந்த பிறகு சொல்வது நியாயமில்லை. முதல் தடவை நீங்கள் ராணுவத்தில் இருக்கும்போதே உங்களைக் கல்யாணம் செய்துகொண்டவர், தெரிந்து ஏற்றுக்கொண்டவர். இந்தத் தடவையும் அவருக்குத் தெரிய வேண்டும், அதுவும் முன்கூட்டியே.

சொல்லும்போது "நான் போகட்டுமா" என்று மட்டும் கேட்காதீர்கள். உங்களுக்கு இங்கே என்ன கஷ்டம் என்று சொல்லுங்கள். எனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் படித்துக் காட்டினாலும் போதும். பிறகு அவர் பேசுவதைக் குறுக்கே விழாமல் கேளுங்கள். மகளுக்கு அடுத்த வருடம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. அந்த வருடம் நீங்கள் கண்ணூரில் பயிற்சியிலோ, எங்கோ ஒரு கிடங்கு வாசலிலோ இருப்பீர்கள் என்பதை இருவரும் சேர்ந்து யோசியுங்கள். இந்தத் தடவை போஸ்டிங்கில் குவார்ட்டர்ஸ் கிடைத்தால் குடும்பத்தைக் கூட்டிப் போவதா, தோட்டத்தை யாரிடம் விடுவது, எல்லாம் பேசுங்கள். அவரும் சரி என்றால், பிள்ளைகளும் புரிந்துகொண்டால், தயங்காமல் போங்கள். இரண்டாவது பென்ஷன் சின்ன விஷயம் இல்லை. தேயிலையை மட்டும் நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைக்க முடியாது என்று நீலகிரியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. டெரிட்டோரியல் ஆர்மி. 1949 அக்டோபரில் ராஜாஜி தொடங்கிவைத்த படை. சொந்தத் தொழில் வைத்துக்கொண்டே இருக்கலாம், வருடத்துக்கு இரண்டு மாதம் பயிற்சி, தேவை வந்தால் அழைப்பார்கள். 42 வயது வரை எடுக்கிறார்கள், முன்னாள் படைவீரரும் சேரலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த டி.ஏ. பட்டாலியன் கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. பட்டாலியன் முழுசாகப் பணிக்கு அழைக்கப்பட்டால் மாதக்கணக்கில் வெளியே இருக்க வேண்டி வரும், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு உண்மையில் வேண்டியது உடுப்பும் கூட்டாளிகளும்தான் என்றால், டி.எஸ்.சி.யைவிட இது உங்கள் மனதுக்கு நெருக்கமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ரிசார்ட் வேலைதான் பிடிக்கவில்லை என்றால் அதை மட்டும் மாற்றுங்கள். மத்திய அரசின் குரூப் சி வேலைகளில் முன்னாள் படைவீரருக்கு 10 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. தமிழக அரசின் முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ 1986 முதல் நம் ஆட்களை வேலைக்கு அமர்த்துகிறது. ஊட்டியில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயரைப் பதிந்திருக்கிறீர்களா? இல்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.

முழங்கால், சர்க்கரை, பிரஷர் எல்லாவற்றையும் ஒரு தடவை வெளியே டாக்டரிடம் பார்த்துவிடுங்கள். பதினேழு வருடம் மலையும் பாறையும் ஏறின கால், மெடிக்கல் போர்டில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டாம். அப்புறம் டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவு, படிப்புச் சான்றிதழ், ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு வெலிங்டனில் ரெஜிமென்ட் ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போங்கள். இடைவெளி வரம்பு இப்போது எவ்வளவு, சேர்க்கை எப்போது, சம்பளம் எப்படி நிர்ணயிப்பார்கள், எந்த விருப்பப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் இப்போதைய பென்ஷன் என்ன ஆகும் என்று எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேட் பாஸுக்கு அவருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். இத்தனை வருடம் உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்த்தவர் அவர், பென்ஷன் கணக்கில் என்ன கேட்க வேண்டும் என்று உங்களைவிட அவருக்குத் தெரியும்.

அன்புடன்,
அக்கா